கித்தேரி கழுத்தில் கிடந்த ராசா

கார்த்திகைப் புயலன்று கடலுக்குப் போய்த் திரும்பாத ஆண்களுக்காக இராயப்பன்துறைப் பெண்கள் ஒன்பது நாள் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பத்தாம் நாள் காலையில் கடல் ஒரு கூப்பிடு தூரம் பின்வாங்கிப் போய், அதுவரை யாரும் கண்டிராத கருத்த மணல்திட்டு ஒன்றை வெளியே விட்டது. அந்தத் திட்டில் கிளிஞ்சலோடு கிளிஞ்சலாக வெள்ளிக் காசுகள் கிடந்தன. யார் முதலில் குனிந்தது என்று பிறகு ஒருத்திக்கும் நினைவில்லை. ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள், இரண்டு எடுக்க ஒருத்திக்கும் கை வரவில்லை, எடுத்து முடித்தபோது திட்டில் ஒன்றும் மிச்சமில்லை. சாயங்காலத்துக்குள் கடல் திரும்பி வந்து திட்டை மூடிக்கொண்டது. ஆட்களை மட்டும் அது திருப்பித் தரவில்லை. ஒரு சட்டையை, ஒரு பலகைத் துண்டைக்கூடத் தரவில்லை.

அன்றைக்குக் கரையில் இல்லாதிருந்த ஒரே பெண் கித்தேரி. அவளுக்கு முப்பத்திரண்டு வயது, ஏழு வயதில் ஆக்னஸ் என்று ஒரு மகள். புருசன் இன்னாசியின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு அவள் கொல்லத்திலும் கொச்சியிலும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். கரை ஒதுங்கிப் பேச்சு மறந்து கிடந்தவர்களின் முகத்தையெல்லாம் பார்த்தாள், வெள்ளைத்துணி மூடிக் கிடந்தவர்களின் துணியையெல்லாம் தூக்கிப் பார்த்தாள். எதிலும் இன்னாசி இல்லை.

கரையில் இருந்து, தன் பங்குக்கு எடுத்த ஒரே காசை அவளுக்கென்று வைத்தவள் இன்னாசியின் அக்காள் பவுலீனாள். தாய் செத்தபோது இன்னாசி தவழ்கிற பிள்ளை, பவுலீனாளுக்குப் பதினாறு வயது. தலையில் மீன்கூடையும் இடுப்பில் தம்பியுமாக ஊர் ஊராய் நடந்து மீன் விற்று அவனை ஆளாக்கினாள். அவனை விட்டுவிட்டு இன்னொரு வீட்டுக்கு எப்படிப் போவது என்று வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பினாள். தம்பி கலியாணம் முடித்த பிறகும் அடுத்த வீட்டில்தான் இருந்தாள், நடுவில் ஒரு வேலி மட்டும்.

காசை நகையாக்கிப் போட வேண்டும் என்று முதலில் நினைத்தவள் செலஸ்தீனாள். அவளுடைய தொம்மையும் இன்னாசியும் ஒரே வள்ளத்தில் போனவர்கள். அவள் சந்தை ஊரில் பட்டறை வைத்திருந்த மாசானம் ஆசாரியிடம் போனாள்.

"தாலியக் கழத்துன்னும் யாரும் சொல்லல, போட்டிருன்னும் யாரும் சொல்லல, ஆசாரியாரே. ஒடம்பு கெடச்சிருந்தா ஒரு வழியாயிருக்கும். இந்தக் காசையும் அதுகூடச் சேத்துக் கோத்துத் தாரும். கடல் தந்தது கழுத்துல கிடக்கட்டும்."

ஆசாரி காசை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் இலைமுடி சூடிய ஒரு ராசாவின் முகம், பக்கவாட்டில். மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்து கையில் ஒரு கிளையைப் பிடித்தபடி ஒரு பெண். ராசாவின் கன்னத்தில் குறுக்காக ஓர் உளிவெட்டு, ஆழமாக, வேண்டுமென்றே போட்டது.

"எத்தன கை மாறி வந்ததோ, இதுல நான் ஓட்டை போட மாட்டேன்" என்றார் ஆசாரி. "சுத்திலும் வெள்ளியில ஒரு சட்டம் கட்டி, சட்டத்துல வளையம் வச்சுத் தாரேன். காசுமேல நெருப்பு படாது."

செலஸ்தீனாளைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். தை பிறப்பதற்குள் ஊரில் புருசனைக் கடலுக்குக் கொடுத்த ஒவ்வொருத்தி கழுத்திலும் ஒரு ராசா கிடந்தார். கித்தேரிக்கு உரியதைப் பவுலீனாளே பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சட்டம் கட்டி, சங்கிலியும் கோத்து, தன் கையாலேயே கழுத்தில் மாட்டிவிட்டாள்.

செலஸ்தீனாளின் காசு ஏழாம் நாள் மாறியது. முதலில் ராசாவின் மூக்கு மழுங்கியது, அடுத்த நாள் இலைமுடி சுருண்டு, எண்ணெய் காணாத முரட்டு முடியானது, அதற்கடுத்த நாள் தாடையில் தொம்மையின் இரண்டு நாள் தாடி வந்தது. பத்தாம் நாள் காலையில் முகம் கழுவக் குனிந்தவள், வாளித் தண்ணீரில் தன் முகத்துக்குக் கீழே தொம்மை எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அவன் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் நின்றால் எப்படிப் பார்ப்பானோ அப்படி. அவள் கத்தவில்லை. வாளியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "இனிமே வரமாட்டீரு, அப்படித்தான?" என்று கேட்டாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு வீடு, மூன்று வீடு என்று முகங்கள் வந்துகொண்டேயிருந்தன. யார் முகம் யார் காசில் வரும் என்று ஒரு தரம்கூடத் தப்பவில்லை. உளிவெட்டு மட்டும் எந்தக் காசிலும் மறையவில்லை. உயிரோடிருந்தபோது ஒரு கீறலும் இல்லாத ஆண்களுக்குக் காசில் கன்னம் பிளந்து கிடந்தது. சாவுக்கு அழுது முடித்த பெண்கள் அந்த வெட்டுக்குத் தனியாக அழுதார்கள். மறுபக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணும் மாறவில்லை. அது நாமதான் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. குளிக்கும்போது காசைத் திருப்பி முதுகுப்பக்கம் போட்டுக்கொள்வதும், பூசைக்குப் போகும்போது முகம் வெளியே தெரிய முந்தானைக்கு மேலே எடுத்து விடுவதும், தெருச்சண்டையில் கெட்ட வார்த்தை வாயில் வரும்போது உள்ளங்கையால் காசைப் பொத்திக்கொள்வதும் பழக்கமாயின. பரீட்சையில் தேறிய பிள்ளைகள் தாயின் கழுத்துக்கு நேரே தாளைப் பிடித்துக் காட்டினார்கள். புயலுக்குத் தப்பி வந்த ஆண்கள் வழியில் கூட்டாளியின் பெண்டாட்டியைக் கண்டால் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காசைப் பார்த்து, "என்ன மாப்ளே, இன்னைக்கு வாடைக்காத்து" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். பங்குச் சாமியார் மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதிப் பதில் வராமல் போகவே, மூன்றாவது வாரம் பூசையில் முகம் வந்தவர்களின் பெயரை மரித்தோருக்கான மன்றாட்டில் சேர்த்து வாசித்தார். ஆள் காணாமல் போனால் ஏழு வருசம் கழித்துத்தான் இறந்ததாக எழுதலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அலுவலகத்து எழுத்தர், குடும்ப அட்டையிலிருந்த படத்தையும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நேரில் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தொல்லியல் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மாவும் வந்தாள். மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் கிடைத்த பழங்காசு சர்க்காருக்குச் சேர வேண்டியது, அதை வாங்கிப்போக வந்தவள். கோவில் முற்றத்தில் பெண்களை உட்காரவைத்து, அவள் முதலில் காசின் கதையைச் சொன்னாள். இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் ரோமாபுரியில் அடித்த காசு இது, மிளகும் முத்தும் வாங்கக் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தது, இங்கே இறங்கிய பிறகு நம் ஆட்கள் ராசாவின் முகத்தில் உளியால் வெட்டுப் போட்டிருக்கிறார்கள், எதற்கென்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. உன் ராசா உன் நாட்டோடு, எங்களுக்கு இது வெறும் வெள்ளி என்று காட்டத்தான் வெட்டியிருப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். சொல்லி முடித்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து முதல் காசைப் பார்த்தாள்.

"இதில் இருப்பது யார்?" என்று கேட்டாள், தன்னையறியாமல்.

"எங்க வீட்டுக்காரவிய. அந்தோணிப்பிச்சை."

அதிகாரி அம்மா அந்தப் பெயரை எழுதினாள். பிறகு அதன்மேல் கோடு போட்டு அடித்தாள். அடுத்த காசுக்கும் அப்படியே எழுதி, அப்படியே அடித்தாள். ஐந்தாவது காசோடு பதிவேட்டை மூடிவிட்டாள். காசு எதையும் வாங்காமல் எழுந்து போகிறபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கித்தேரியின் கழுத்தில் ராசா ராசாவாகவே இருப்பதைக் கண்டு நின்றாள். பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தாள், காசின் விளிம்பைப் பார்த்தாள், பிறகு கித்தேரியின் முகத்தைப் பார்த்தாள். பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எல்லார் காசும் மாறியும் கித்தேரியின் காசு மட்டும் மாறவில்லை. தை போய் மாசி வந்தது, தவக்காலம் வந்தது, உயிர்ப்புத் திருநாள் வந்தது. அதே இலைமுடி, அதே எடுப்பான மூக்கு. காசு மாறினால் சாவு என்று தெரிந்துவிட்ட ஊரில், மாறாத காசுக்கு என்ன பொருள் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்னாசி உயிரோடிருக்கிறான்.

முதல் வருசம் ஊர் அவளைக் கையில் வைத்துத் தாங்கியது. கலியாண வீட்டில் மணப்பெண்ணுக்கு முதல் பூவை வைக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள், புது வலை இறக்கினால் அவள் கை பட்டுத்தான் இறக்கினார்கள். மாலத்தீவு ஜெயிலில் ஒரு தமிழாள் இருக்கிறான், லட்சத்தீவில் ஒருவன் மனம் பேதலித்துத் திரிகிறான் என்று சேதி வந்தபோதெல்லாம் ஊரே அவளை வண்டியேற்றி அனுப்பியது. போனாள், பார்த்தாள், திரும்பி வந்தாள். யாரோ ஒருத்தியின் புருசன், யாரோ ஒருத்தியின் மகன். இன்னாசி இல்லை.

இரண்டாம் வருசம் ஊர் யோசிக்கத் தொடங்கியது. உயிரோடிருக்கிறவன் ஏன் ஒரு போன் பண்ணவில்லை? மூன்றாம் வருசம் ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது. அவன் எங்கேயோ கரையேறி, அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு பிள்ளைகுட்டியோடு இருக்கிறான். வள்ளத்தில் மற்றவர்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பித்தவன் என்றும் சிலர் சொன்னார்கள். ஒருநாள் குழாயடியில் குடம் வைப்பதில் தகராறு வந்தபோது செலஸ்தீனாள் உள்ளங்கையால் தொம்மையைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"எங்க வீட்டு ஆளு போயிட்டாவ. ஆனா எங்க இருக்காவன்னு எனக்குத் தெரியும். ஒன் ராசா எந்த ஊர்ல எவ வீட்டுல சோறு திங்காவளோ, போய்க் கேளு."

கித்தேரி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருசமாகச் சாவுத்துணிகளைத் தூக்கிப் பார்த்தவள்தான் அவள். ஆனால் அவன் எங்கோ ஒரு வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பதை நினைத்தபோது வந்த பயம், எந்தத் துணியைத் தூக்கும்போதும் வந்ததில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் ஆக்னஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக் கழற்றாமலே சுவரிலிருந்த இன்னாசியின் படத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். அவளுக்கு இப்போது பத்து வயது. கித்தேரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"என்னட்டி செஞ்ச? அப்பா படத்தையா கிழிச்ச?"

"எல்லா அப்பாவும் செத்துட்டாவ" என்றாள் ஆக்னஸ். அவள் அழவில்லை. "நம்ம அப்பாதான் ஓடிட்டாவ. நான் செத்தவிய பிள்ளையா இருந்திருக்கலாம்."

கித்தேரி அவளை அடிக்கக் கையை ஓங்கி, அடிக்காமல் கீழே போட்டாள். நான்கு துண்டையும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். காசின் விளிம்பை அதிகாரி அம்மா பார்த்த பார்வை நினைவுக்கு வர, அப்படியே நடந்து பஸ் ஏறிச் சந்தை ஊருக்குப் போனாள்.

மாசானம் ஆசாரி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இவள் ஒருநாள் வருவாள் என்று எதிர்பார்த்தவர் போலத்தான் பார்த்தார். அவள் சங்கிலியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"ஆசாரியாரே, இது நெசக் காசா?"

ஆசாரி காசைத் தொடவில்லை.

"இல்லம்மா."

அவர் உமியடுப்பைத் தணித்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்தக் காலத்துக் காசு அடிச்ச காசு" என்றார் அவர். "வெள்ளித் தட்டை அச்சுக்கு நடுவுல வச்சு ஒரே அடி. விளிம்பு அங்கங்க வெடிச்சிருக்கும், எழுத்து வெட்டினாப்புல நிக்கும். இது நான் வார்த்த காசு. அசல் காசைக் களிமண்ணுல பதிச்சு, அச்செடுத்து, வெள்ளி காய்ச்சி ஊத்தினேன். அந்த வெட்டுகூட அச்சுல வந்ததுதான், உளி படல. ஒங்க மைனி பவுலீனாள்தான் கேட்டாவ. அக்காளுக்கு ஒண்ணு, பொஞ்சாதிக்கு ஒண்ணு, ஒரே மாதிரி வேணும்னு சொன்னாவ. வார்த்ததுக்குச் சட்டம் கட்டி வாங்கிக்கிட்டாவ, அதத் தனக்கு வச்சுக்கிட்டு அசல ஒனக்குத் தருவாவன்னுதான் நெனச்சேன். ஒன் காசு மாறலன்னு ஊரு பேசினப்பதான் எனக்கு வெளங்கிச்சு."

"வெளங்கின பெறவும் சொல்லலியே."

"நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன், தாயி. எத்தன தரம் இந்தப் பட்டறை வாசல் வழியா பஸ்ஸுக்குப் போயிருப்ப. ஒரு தரம் உள்ள வந்து கேக்கல. ஒனக்குத் தெரிஞ்சுக்க வேண்டாம்போலன்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

அது உண்மைதான் என்று கித்தேரிக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. அதற்காக அவர்மேலும் தன்மேலும் ஒன்றாகக் கோபம் வந்தது. சங்கிலியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

பவுலீனாள் மீன் விற்றுவிட்டு வந்து, கூடையைக் கவிழ்த்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். கித்தேரி வேலியைச் சுற்றி வராமல் வேலியைத் தாண்டியே வந்தாள். வார்த்த காசை அவள் முன்னால் மணலில் போட்டாள்.

"அசல் எங்க மைனி?"

பவுலீனாள் மணலில் கிடந்த காசைப் பார்த்தாள். பொய் சொல்ல முயலவில்லை. எழுந்து உள்ளே போய், மூலையில் மூடி வைத்திருந்த சிறிய பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். மூடியை எடுத்தாள். தண்ணீருக்கு அடியில் வெள்ளிக் காசு கிடந்தது, அதில் ராசா கன்னத்து வெட்டோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் விடியக் கெணத்துத் தண்ணி மாத்துவேன்" என்றாள் பவுலீனாள். "ஒடம்புச் சூடு பட்டாத்தான முகம் வருது. தண்ணிக்குள்ளயே கெடந்தா வராதுல்லா. நான் போடவும் இல்ல, ஒன்னப் போடவிடவும் இல்ல. இது இப்படிக் கெடக்க மட்டும் அவன் செத்தான்னு ஆகாது."

"மூணு வருசம் மைனி. எத்தன ஊரு போனேன். எத்தன பொணத்தப் பாத்தேன். வண்டி ஏறும்போதெல்லாம் நீங்கதான சோறு கட்டித் தந்திய."

"தந்தேன்."

"அவிய ஓடிட்டாவன்னு ஊரு பேசினது காதுல விழலியா? எவளையோ வச்சிருக்காவன்னு சொன்னது விழலியா?"

"விழுந்திச்சு" என்றாள் பவுலீனாள். அவள் குரல் முதல் தரமாக உயர்ந்தது. "விழுந்திச்சுட்டி. ஓடிப்போனவன்னு சொல்லட்டும், வப்பாட்டி வச்சிருக்கான்னு சொல்லட்டும், என்ன வேணா சொல்லட்டும். உசுரோட இருக்கான்னுதான சொல்லுதாவ! ஒனக்கு அவன் புருசன். எனக்கு அவன் இடுப்புல இருந்து எறங்கவே இல்ல. மத்தவிய காசப் பாத்தேன், அந்தக் கன்னத்து வெட்டப் பாத்தேன். அத அவன் மூஞ்சில நான் எப்படிட்டி பாப்பேன்?"

கித்தேரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். படத்தின் நான்கு துண்டையும் குடத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"ஆக்னஸ் கிழிச்சா. செத்தவிய பிள்ளையா இருந்திருக்கலாம்னு சொன்னா."

பவுலீனாள் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தப் பார்த்தாள். மீன்செதிள் ஒட்டிய விரல்களோடு அவை ஒட்டிக்கொண்டு வந்தன, பொருந்தவில்லை. வெகுநேரம் பொருத்திக்கொண்டேயிருந்தாள். அப்புறம் சேலையின் ஈரம்படாத ஓரத்தில் கையைத் துடைத்து, குடத்துக்குள் கைவிட்டுக் காசை எடுத்து, கித்தேரியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"நீ போட்டுக்க" என்றாள். "ஆனா ஒண்ணு கேக்கேன். நானும் ஒன் வீட்டுலயே இருக்கேன், முகம் வாரவரைக்கும்."

மறுநாள் கித்தேரி இரண்டு காசையும் பட்டறைக்குக் கொடுத்தனுப்ப, மாசானம் ஆசாரி வார்த்த காசைச் சட்டத்திலிருந்து பிரித்தெடுத்துவிட்டு அசல் காசை வைத்துக் கட்டினார். அவரே பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழு நாளாயிற்று, பத்து நாளாயிற்று. ராசா அசையவில்லை. இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டார்கள், காசைப் பற்றி மட்டும் பேசவில்லை. மூன்று வருசத்துக் குளிர் காசுக்குள் ஏறியிருக்கும் என்று கித்தேரி நினைத்தாள். பதினைந்தாம் நாள் பவுலீனாளின் நடையில் ஒரு துள்ளல் தெரிந்தது, அவள் ஆக்னஸுக்குத் தலை பின்னிவிடும்போது பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். அதைக் கேட்ட கித்தேரிக்குப் பயம் வந்தது. அசல் காசும் மாறாவிட்டால் என்ன செய்வது? இன்னாசி நிஜமாகவே எங்கோ இருக்கிறான் என்றால்? அவன் செத்திருக்க வேண்டும் என்று தான் வேண்டிக்கொள்வது போலப்பட்டது. அன்று கோவிலில் முழந்தாளிட்டும் ஒரு செபமும் அவளால் சொல்ல முடியவில்லை.

இருபத்தோராம் நாள் நடுப்பகலில் கித்தேரி கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். எதிரே ஆக்னஸ் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து குனிந்து நிமிர்ந்ததில் காசு வெளியே வந்து வெயிலில் ஊசலாடியது.

"அம்மா" என்றாள் ஆக்னஸ். "கொஞ்சம் அசையாம நில்லு."

கித்தேரி குனிந்தபடியே நின்றாள். மகள் கிட்டே வந்து, காசை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினாள். அவள் மூச்சு கித்தேரியின் கழுத்தில் பட்டது. காசை வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பாவுக்குக் காதுகிட்ட ஒரு மறு உண்டாம்மா?"

"உண்டு."

"சிரிச்சா ஒரு பக்கம்தான் சிரிப்பாவளா?"

"ஆமா மக்கா."

"அப்பா இருக்காவ" என்றாள் ஆக்னஸ். அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது. "அப்பா ஓடலியாம்மா?"

"ஓடல மக்கா. எங்கயும் போவல. நம்மகிட்ட வரத்தான் கெளம்பியிருக்காவ. கடல் விடல."

ஆக்னஸ் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மூன்று வருசமாக அழாததையெல்லாம் அழுதாள். கருவாட்டின்மேல் காக்கைகள் வந்து இறங்கின, விரட்ட ஆளில்லை.

பவுலீனாள் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். கிட்டே வந்ததும் அவள் கால்கள் மெதுவாயின, பத்தடி தூரத்தில் நின்றுவிட்டாள். கித்தேரி சங்கிலியைக் கழற்றி நீட்டினாள். பவுலீனாள் வாங்கினாள், இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து அதற்குள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மணலில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டியாலே" என்றாள். "வந்துட்டியா என் மக்கா."

அதற்குப் பிறகு அவள் எடுத்த குரல் கரை முழுக்கக் கேட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் கையை நிறுத்தினார்கள். ஒப்பாரி வைக்க ஒரு சாவு வேண்டும், அந்தச் சாவு அவளுக்கு மூன்று வருசம் கழித்து அன்றைக்குத்தான் கிடைத்தது. அவள் தம்பி தவழ்ந்ததையும், முதல்முறை கடலுக்குப் போனபோது வாந்தியெடுத்ததையும், கலியாணத்தன்று சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு நின்றதையும் சொல்லிச் சொல்லி அழுதாள். கித்தேரி அவள் தோளில் தோள் சேர்த்து உட்கார்ந்து அவள் விட்ட இடத்தில் எடுத்தாள். இரண்டு பேரும் மாறி மாறி அழுததில் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த கோபம் எப்போது போனதென்று இருவருக்குமே தெரியவில்லை.

முதலில் வந்தவள் செலஸ்தீனாள். கையில் ஒரு தூக்குச்சட்டி, அதில் கஞ்சி. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, பக்கத்து வீடுகள்தான் பசியாற்ற வேண்டும். குழாயடியில் சொன்ன வார்த்தையைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. பவுலீனாளின் கையிலிருந்த காசைக் குனிந்து பார்த்து, "இன்னாசி அண்ணன்தான்" என்றாள். தன் கழுத்துக் காசைத் தூக்கித் தொம்மைக்கும் காட்டினாள். பிறகு கித்தேரியின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, ஆக்னஸை மடியில் இழுத்துக்கொண்டு ஒரு வாய் கஞ்சியை ஊட்டினாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், வந்தவர்கள் போகவில்லை. கோவிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது.

மறுநாள் விடிந்தபோது கடல் குளத்துத் தண்ணீர் போலத் தெளிந்து கிடந்தது, நல்ல நீரோட்டம், மீன்பாடு இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் ஊரில் ஒரு சாவு விழுந்தால் மறுநாள் தொழிலுக்குப் போவதில்லை என்பது இராயப்பன்துறையின் கட்டுப்பாடு. மூன்று வருசத்துக்கு முன்னால் செத்த ஒருவனுக்காக அன்றைக்கு ஒரு வள்ளம்கூடக் கரையை விட்டு இறங்கவில்லை.